தரைக்கு அடியில என்ன வைக்கிறோம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

நம்ம குமரி மாவட்டத்துல ராத்திரி போர்வை தேடுறதே மார்கழி, தைல ஒரு சில நாள்தான். இங்க இருந்துகிட்டு தரைய சூடாக்குறதப் பத்தி இத்தன பேர் கேட்டு எழுதுவாங்கன்னு நான் எதிர்பார்க்கல. ஆனா கடிதங்களப் படிச்சா காரணம் புரியுது, நிறைய வீட்டுல பிள்ளைங்க வெளிநாட்டுல இருக்காங்க, அங்க வீட்டுப் பின்னாடி சின்னதா ஒரு பட்டறை போடுறாங்க, ஊர்ல இருக்குற அப்பாவுக்கோ மாமாவுக்கோ வாட்ஸ்அப்ல படம் அனுப்பி யோசனை கேக்குறாங்க. கூடவே நம்ம ஊர் பட்டறைத் தரை பத்தியும் கேள்வி வந்துருக்கு, எல்லாத்தையும் சேத்தே பாத்துடலாம்.

கேள்வி: வெப்பம் எப்பவும் மேல தான் போகும்னு படிச்சிருக்கோம். அப்போ தரைய சூடாக்குனா எல்லாம் கூரைக்குத்தான போகும்? இதுக்கு ரேடியன்ட் ஹீட்டிங்னு ஏன் பேரு?
— கல்லூரி மாணவி, வடசேரி

பதில்: மேல போறது சூடான காத்து, வெப்பம் இல்ல மக்களே. கதிர்வீச்சா வர்ற வெப்பத்துக்கு மேல கீழன்னு கிடையாது, தன்னை விட குளிர்ச்சியா எது எதிர்ல இருக்கோ அதை நோக்கிப் போகும். வெயில் சாஞ்சப்புறம் கோயில் கல்படில உக்காந்தா காத்து குளிர்ந்திருந்தாலும் உடம்புக்கு இதமா இருக்கும் பாரு, அதே வேலைதான் இதுவும். சூடான தரை குடுக்குற வெப்பத்துல ஏறக்குறைய பாதி இப்படி கதிர்வீச்சா போய் சுவர், மேசை, மனுஷன்னு எல்லாத்தையும் தொடுது, மீதி பாதி தரைய ஒட்டுன காத்தை மெதுவா சூடாக்குது. தரை சூடு கொஞ்சம் தான்கிறதால காத்து வேகமா மேல கிளம்பாது, கூரைக்குக் கீழ சூடு தேங்கி நிக்கிறதும் ரொம்பக் கம்மி. இது புது விஷயமும் இல்ல, ரோமானியர்கள் குளியல் கூடத்துத் தரைய சின்னச் சின்னத் தூண் மேல நிறுத்தி அடியில அடுப்புச் சூட்டை ஓட விட்டாங்க, கொரியாவுல ஓண்டோல்னு சொல்ற முறைல சமையலறை அடுப்புப் புகைய கல்லு பாவுன தரைக்கு அடியில கொண்டு போய் அந்தப் பக்கம் புகைக்குழாய் வழியா வெளிய விடுவாங்க. இப்ப புகைக்குப் பதிலா குழாய்ல வெந்நீர் ஓடுது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வி: அண்ணாச்சி, நான் சவுதில பைப் ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். மவன் கனடால கால்கரில இருக்கான், வீட்டுக்குப் பின்னால 6 மீட்டருக்கு 8 மீட்டர்ல மரவேலைக்கு ஒரு பட்டறை கட்டப் போறான். தரைக்குள்ள குழாய் போட்டு வெந்நீர் ஓட்டலாம்னு சொல்லுதான், படமும் அனுப்பிருக்கான். குழாய் வேலை எனக்குத் தெரியும், ஆனா இதுல எங்க தொடங்கணும்னு பிடி கிடைக்கல. எந்த சைஸ் குழாய், எத்தன மீட்டர், எவ்வளவு இடைவெளி?
— ஓய்வுபெற்ற ஃபிட்டர், தக்கலை

பதில்: அண்ணாச்சி, உங்க கைக்கு குழாய் பழக்கம்கிறதால குழாய்ல தொடங்கத் தோணும், ஆனா இதுல குழாய் வர்றது கடைசிக்கு முன்னாடி. முதல்ல அந்தப் பட்டறை மோசமான குளிர் ராத்திரில எவ்வளவு வெப்பத்த வெளிய விடும்னு கணக்கு போடணும், ரெண்டாவது அந்தக் கசிவை எவ்வளவு அடைக்கலாம்னு பாக்கணும், அப்புறம்தான் குழாய், அதுக்கும் அப்புறம் பாய்லர். நிறைய பேர் பாய்லர முதல்ல வாங்கி வச்சுட்டு மத்ததை அதுக்கு ஏத்த மாதிரி வளைக்கப் பாக்குறாங்க, அதனால தான் பணம் போகுது.

கணக்கு கஷ்டம் இல்ல, ஒரு வெள்ளைத்தாள் போதும். சுவரோ கூரையோ கதவோ, அதோட பரப்பு, அதோட யு மதிப்பு, உள்ளயும் வெளியயும் உள்ள டிகிரி வித்தியாசம், இந்த மூணையும் பெருக்கணும். யு மதிப்புன்னா ஒரு சதுர மீட்டர் வழியா ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தன வாட் கசியுதுங்கிற எண், கம்மியா இருந்தா நல்ல சுவர். கால்கரில மைனஸ் 25க்கும் கீழ இறங்குற ராத்திரி வரும், அந்த ஊர் கட்டட விதில டிசைன் வெப்பநிலைன்னு ஒரு எண் குடுத்துருப்பாங்க, தம்பி அதைக் கேட்டு எடுத்துக்கட்டும், நான் இங்க மைனஸ் 25ன்னே வச்சுக்கிறேன். நின்னு வேலை செய்ற பட்டறைக்கு உள்ள 15 டிகிரி இருந்தா தாராளம், படுக்கையறை மாதிரி 21 வேண்டாம். ஆக வித்தியாசம் 40.

சுத்துச் சுவர் 28 மீட்டர் நீளம், 2.7 மீட்டர் உயரம்னா 75 சதுர மீட்டர் சொச்சம், அதுல பெரிய கதவுக்கு 10 போனா 65. நல்லா இன்சுலேஷன், அதாவது சூடு கசியாம தடுக்குற பொருள், அடைச்ச மரச்சட்டச் சுவருக்கு யு 0.35ன்னு எடுத்தா 910 வாட் வருது. கூரை 48 சதுர மீட்டர், யு 0.2, அதுல 380 வாட் கிட்ட. கதவு 10 சதுர மீட்டருக்கு யு 1ன்னு வச்சா 400 வாட். இடுக்கு வழியா காத்து போய்வர்றத விடக்கூடாது, உள்ள இருக்குற 130 கன மீட்டர் காத்துல பாதி ஒரு மணி நேரத்துல மாறுதுன்னா 860 வாட் வரைக்கும் போகும், சில சமயம் சுவரை விட இதுதான் பெரிய திருட்டு. தரை ஓரத்து வழியா ஒரு 560. எல்லாம் கூட்டினா 3,100 வாட் பக்கம், ஜன்னல் வச்சா அதையும் சேத்துக்கணும். இதுவே உள்ள ஒண்ணும் அடைக்காத வெறும் பலகைச் சுவரா இருந்தா சுவர் மட்டுமே 4,000 வாட் கிட்டத் தின்னுடும், அதனால தம்பிகிட்ட பாய்லர் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி சுவர் பத்திக் கேளுங்க.

இப்போ 3,100 வாட்ட 48 சதுர மீட்டரால வகுத்தா சதுர மீட்டருக்கு 65 வாட். சூடான தரை, அறைக் காத்தை விட ஒவ்வொரு டிகிரி கூடுதலுக்கும் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 11 வாட் குடுக்கும். அப்போ தரை 6 டிகிரி கூடுதலா, அதாவது 21 டிகிரில இருந்தாலே போதும். இதைப் பாத்து பலர் நம்ப மாட்டாங்க, கால்ல சூடே தெரியாதேம்பாங்க, தெரியாதுதான், குளிராது, அவ்வளவுதான் நமக்கு வேணும். மனுஷங்க புழங்குற இடத்துல தரை மேற்பரப்பு 29 டிகிரிக்கு மேல போகக் கூடாதுன்னு ஐரோப்பியத் தரத்துலயே வச்சிருக்காங்க, அந்த வரம்புக்கு நாம பக்கத்துல கூட போகல.

அடுத்தது தரைக்கு அடியில என்ன வைக்கிறோம்கிறது, என்னோட கவலை எல்லாம் இதுல தான். குழாய் சரியில்லன்னா மேல இருந்து ஏதாவது பண்ணலாம், பாய்லர மாத்தலாம், ஆனா கான்கிரீட்டுக்கு அடியில வைக்காம விட்டத அப்புறம் யாரும் வைக்க முடியாது. கெட்டிச்ச மண்ணு மேல பொடி இல்லாத சல்லி, அது மேல எடை தாங்குற எக்ஸ்பிஎஸ் (கெட்டியான பிளாஸ்டிக் நுரை) பலகை குறைஞ்சது 50 மில்லிமீட்டர், அது மேல கனமான பாலிதீன் ஷீட், அப்புறம் கம்பி வலை, குழாய், கான்கிரீட். டிவி பெட்டில பொதிஞ்சு வர்ற தெர்மாகோல் இதுக்கு ஆகாது, மெஷின் எடைக்கு அமுங்கிடும். தரையோட நாலு ஓரத்துலயும் அதே பலகைய நெட்டுக்குத்தா நிறுத்தணும், ஏன்னா கீழ போறத விட ஓரம் வழியா பனிக்கு ஓடுற சூடுதான் அதிகம். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம்கிறது மட்டும் அங்க உள்ள இன்ஜினியர் சொல்லணும், மண்ணுக்குள்ள தண்ணி உறையுற ஊர், நம்ம ஊர் அளவு அங்க செல்லாது.

இனி உங்க கேள்விக்கு வாறேன். அரை இஞ்ச் பெக்ஸ் குழாய், வளையுற பிளாஸ்டிக் குழாய் தான், ஆக்ஸிஜன் தடுப்பு உள்ளதுன்னு பாத்து வாங்கச் சொல்லுங்க, அது இல்லாத குழாய்ல காத்து ஊடுருவி பம்ப்போட இரும்பு பாகமெல்லாம் துருப்பிடிக்கும். 250 மில்லிமீட்டர் இடைவெளில போட்டா சதுர மீட்டருக்கு 4 மீட்டர் குழாய், மொத்தம் 190 மீட்டர் சொச்சம். ஒரே நீளமா ஓட்டக் கூடாது, அரை இஞ்ச்ல ஒரு சுத்து 90 மீட்டர தாண்டுனா பம்ப் திணறும், அதனால மூணு சுத்தா பிரிச்சு மேனிஃபோல்டுல (ஒவ்வொரு சுத்துக்கும் தண்ணிய பிரிச்சு விடுற கூட்டுக் குழாய்) கொண்டு வந்து சேத்துடுங்க, மூணும் ஏறக்குறைய ஒரே நீளமா இருந்தா தண்ணி சமமா பிரியும். வெளிச்சுவர் ஓரத்துல, பெரிய கதவு பக்கத்துல கொஞ்சம் நெருக்கமா போடலாம். கான்கிரீட்டுக்குள்ள எந்த இடத்துலயும் ஜாயின்ட் வேண்டாம், ஒரு சுத்துக்கு ஒரு முழுக் குழாய்.

அப்புறம் பட்டறைக்கே உரிய ஒரு விஷயம், வீட்டுக்குச் சொல்ற யாரும் இதைச் சொல்ல மாட்டாங்க. மெஷின தரைல போல்ட் அடிச்சு நிறுத்துற இடமெல்லாம் இப்பவே சாக்பீஸ்ல கோடு போட்டு அங்க குழாய் போகாம விடணும். பிளேனர் எங்க, பேண்ட் சா எங்க, பெஞ்ச் எங்க, பின்னாடி ஒரு தூண் வருமா, இதெல்லாம் தம்பி யோசிச்சு முடிவு பண்ணனும். கான்கிரீட் ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு அளவு டேப்ப விரிச்சு வச்சு எல்லாப் பக்கமும் ஃபோட்டோ எடுத்து வச்சுக்கணும், பத்து வருஷம் கழிச்சு ட்ரில்ல எடுக்கும்போது அந்தப் படம்தான் காப்பாத்தும்.

கேள்வி: (அதே கடிதத்துல பின்பக்கம்) தண்ணிய எதுல சூடாக்குறது? வீட்டு ஹீட்டர்ல இருந்தே ஒரு லைன் எடுக்கலாமான்னு கேக்குதான். ஞாயித்துக்கெழம மட்டும் தான் வேலை செய்வான், அன்னிக்கு மட்டும் ஓட்டுனா போதும்லா?

பதில்: குளிக்கிற தண்ணி லைனையும் தரை லைனையும் ஒண்ணாக்கவே கூடாது அண்ணாச்சி. தரைக்குள்ள நாள்கணக்குல வெதுவெதுப்பா தேங்கி நிக்கிற தண்ணி திரும்பக் குளியலறைக்கு வந்தா நோய்க்கிருமி வளரும், லெஜியோனெல்லான்னு ஒண்ணு நுரையீரலத் தாக்கும். வீட்டு ஹீட்டரத் தான் பயன்படுத்தணும்னா நடுவுல ஹீட் எக்ஸ்சேஞ்சர் வச்சு ரெண்டு தண்ணியும் தொடாம பாத்துக்கணும், அதுக்கு வீட்டு ஹீட்டர்ல மிச்ச சக்தியும் இருக்கணும்.

நம்ம கணக்குக்கு 3 கிலோவாட் சொச்சம் தான், அதனால சின்ன எலெக்ட்ரிக் பாய்லரே தாங்கும், மின்சாரச் செலவு ஒத்து வந்தா அதுல சிக்கலே கம்மி. கேஸ் லைன் இருந்தா கண்டென்சிங் பாய்லர் நல்லா பொருந்தும், திரும்பி வர்ற தண்ணி 55 டிகிரிக்குக் கீழ இருந்தா தான் அது புகைல இருக்குற நீராவிச் சூட்டையும் பிடிக்கும், தரைக்குப் போறதே 35, 40 டிகிரி தான்கிறதால அது எப்பவும் அந்த நல்ல நிலைலயே ஓடும். தண்ணி வேகம் எட்டு டிகிரி இறக்கத்துக்கு நிமிஷத்துக்கு அஞ்சரை லிட்டர், மூணு சுத்துக்கும் பிரிச்சா ஒண்ணுக்கு ரெண்டு லிட்டர் கூட இல்ல, பெரிய பம்ப் யாராவது தலைல கட்டுனா வாங்க வேண்டாம். சூட்டுல விரியுற தண்ணிக்கு இடம் குடுக்குற எக்ஸ்பான்ஷன் டேங்க், காத்து பிரிக்கிற வால்வு, அழுத்தம் கூடுனா திறக்குற சேஃப்டி வால்வு, இந்த மூணும் விலை பாத்து விடுற சாமான் இல்ல. கரண்ட் போனா உறைஞ்சு குழாய் வெடிக்கிற ஊர்கிறதால தண்ணி உறையாம காக்குற புரோபிலீன் கிளைக்கால் கலக்கணும், எவ்வளவுன்னு அந்த டப்பால போட்டுருக்குற அட்டவணையப் பாத்து. மரத்தூள், தின்னர், வார்னிஷ் புழங்குற இடத்துல தீ எரியுற பாய்லர் வேண்டாம், வச்சா காத்தை வெளிய இருந்து எடுக்குற சீல்டு வகையா தனி அறைல வைக்கட்டும். பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், தரையோட தவழும், அதனால வண்டி நிறுத்துற கராஜ்ல தீப்பொறி வர்ற எதையும் தரைல இருந்து ஒன்றரை அடிக்கு மேல தான் வைக்கணும்னு அங்க விதியே உண்டு.

ஞாயிறு மட்டும் ஓட்டுறது தான் இதுல நடக்காது. 100 மில்லிமீட்டர் கனத்துல ஒரு சதுர மீட்டர் தரை 240 கிலோ எடை, அதை 10 டிகிரி ஏத்த, சதுர மீட்டருக்கு 100 வாட் விடாம குடுத்தாலும், ஒரு சொட்டு கசியாம இருந்தாலும், ஆறு மணி நேரம் ஆகும். காலைல சுவிட்ச் போட்டா தம்பி வேலைய முடிச்சு வீட்டுக்குப் போறப்போ தான் தரை சூடாகும். அதனால குளிர்காலம் முழுக்க 10, 12 டிகிரில விட்டு வச்சு சனிக்கிழமை மத்தியானமே ஏத்திவிடணும். அப்படி தினமும் சூடா வைக்கிறதுக்கு மனசு இல்லன்னா, வாரத்துல ஒரு நாள் தான் உள்ள போவான்னா, எனக்கு தோணுறத சொல்றேன், குழாயக் கான்கிரீட்டுக்குள்ள போட்டு மூடி வைக்கட்டும், பாய்லர இப்ப வாங்க வேண்டாம், கூரைல தொங்குற இன்ஃப்ராரெட் ஹீட்டர் ஒண்ணு வச்சு ரெண்டு குளிர்காலம் பாக்கட்டும். குழாய் விலை கொஞ்சம் தான், அடியில வைக்கிற பலகை மாதிரியே அதையும் பின்னால போட முடியாது.

கேள்வி: நான் இங்கிலாந்துல நர்ஸா இருக்கேன், லீவுல ஊருக்கு வந்துருக்கேன். வீட்டுக்காரருக்கு கராஜ்ல சைக்கிள் ரிப்பேர் பண்ற பழக்கம், தரை பழைய கான்கிரீட், குளிர்ல கால் மரத்துப் போகுதுன்னு சொல்றாங்க. அதுக்கு மேல தரைச்சூடு போட முடியுமா அண்ணே?
— கருங்கல்

பதில்: முடியும் தங்கச்சி, ஆனா அடியில இன்சுலேஷன் இல்லாத பழைய தரை மேல நேரா ஹீட்டிங் மேட் (மின்சாரத்துல சூடாகுற கம்பி பதிச்ச பாய்) ஒட்டுனா பாதி சூடு பூமிக்குத் தான் போகும், கரண்ட் பில் வந்தப்புறம் வருத்தப்படுவீங்க. முதல்ல இன்சுலேஷன் பலகை, அது மேல மின்சார மேட், அது மேல மெல்லிசா ஒரு பூச்சு, இப்படிப் போட்டா தரை சில சென்டிமீட்டர் ஒசரும், கராஜ் கதவு திறக்குதான்னு அளந்து பாருங்க. அதுக்கு முன்னாடி தரைல ஈரம் ஏறுதான்னு பாக்கணும், எப்படின்னு கீழ குளச்சல் கேள்வில சொல்லிருக்கேன். சாயங்காலம் ஒரு மணி நேரம் சைக்கிள் பாக்குறதுக்கு இவ்வளவும் தேவையான்னா எனக்கு அப்படித் தோணல, அவர் நிக்கிற இடத்துல கனமான ரப்பர் பாய், தலைக்கு மேல ஒரு இன்ஃப்ராரெட் ஹீட்டர், இது போதும்.

கேள்வி: மகளுக்கு அயினிப் பலகைல ஒரு மேசை செஞ்சு கப்பல்ல அனுப்பலாம்னு இருக்கோம். அவங்க வீட்டுல தரைச்சூடு உண்டு. மரம் வெடிக்குமா?
— குலசேகரம்

பதில்: தரைச்சூட்டால வெடிக்கிறதுன்னு இல்ல, அந்த ஊர்க் குளிர்கால வீட்டுக்குள்ள காத்து வறண்டு இருக்குறதால மரம் சுருங்கும். நம்ம பக்கம் 80 சதவீத ஈரப்பதக் காத்துல நிக்கிற மரத்துக்குள்ள 16 சதவீதம் பக்கம் ஈரம் இருக்கும், அங்க 30 சதவீத ஈரப்பதத்துல அதே மரம் 6 சதவீதம் வரைக்கும் இறங்கும். 60 சென்டிமீட்டர் அகலப் பலகை ஒரு சென்டிமீட்டருக்கு மேலயே சுருங்கும்னு வச்சுக்கோங்க. அதனால ஆசாரிகிட்ட சொல்லி, மேல் பலகைய சட்டத்தோட பசை போட்டு இறுக்க வேண்டாம், திருகாணி ஓட்டைய பலகையோட அகலவாக்குல நீட்டி வெட்டி பலகை நகர இடம் விடச் சொல்லுங்க. சூளைல உலர்த்துன மரம் கிடைச்சா அதையே வாங்குங்க. அங்க போனப்புறம் கால் இல்லாம அடிப்பலகை தரையோட படிஞ்சு நிக்கிற சாமான் எதையும் தரைச்சூட்டு மேல வைக்க வேண்டாம், அடியில சூடு அடைஞ்சு ஒரு பக்கம் மட்டும் காஞ்சு வளைஞ்சிடும். பட்டறைல பலகை அடுக்குறவங்களுக்கும் இதே தான், தரைல சாய்க்காதீங்க, சுவர்ல தாங்கி அடிச்சு மேல அடுக்குங்க.

கேள்வி: அண்ணே, மேல தகர ஷீட்டு போட்ட பட்டறைல வேலை செய்யுதோம், மத்தியானம் நிக்க முடியல. கிணத்துத் தண்ணிய தரைக்குள்ள குழாய்ல ஓட்டி தரைய குளிர வைக்கலாம்லா? புதுசா தளம் போடப் போறேன், சொன்னியன்னா குழாய் வாங்கிருவேன்.
— மரவேலை செய்றவர், குழித்துறை

பதில்: வாங்காதீங்க. யோசனை தப்பில்ல, பாங்காக்ல 2006ல திறந்த சுவர்ணபூமி விமான நிலையத்துல தரைக்குள்ள குளிர்ந்த தண்ணி தான் ஓடுது, ஹைதராபாத் இன்ஃபோசிஸ்ல ஒரு கட்டடத்துல தளத்துக்குள்ளயே குழாய் வச்சு குளிர்விக்கிறாங்க. ஆனா அங்கெல்லாம் கட்டடத்த மூடி வச்சு உள்ள வர்ற காத்துல இருந்து ஈரத்த மெஷின் வச்சு எடுத்துட்டுத் தான் தரையக் குளிர வைக்கிறாங்க. உங்க பட்டறை நாலு பக்கமும் திறந்தது. 30 டிகிரி வெயிலும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்குற நாள்ல 26 டிகிரிக்குக் கீழ எது இருந்தாலும் அது மேல தண்ணி முத்து முத்தா கோர்க்கும். ஐஸ் போட்ட தம்ளர் வேர்க்குறத தினமும் பாக்குறோம், தரையே அப்படி வேர்த்தா வழுக்கும், கரண்ட் மெஷின் பக்கத்துல ஈரம், இரும்பெல்லாம் துரு, பலகை அடி ஊறிப் போகும்.

கிணத்துத் தண்ணி நம்ம பக்கம் 27, 28 டிகிரில தான் இருக்கும், அதை அப்படியே ஓட்டுனா பெருசா வேர்க்காது, ஆனா பெருசா குளிரவும் செய்யாது. 33 டிகிரி அறைல தரை 30ல நின்னா சதுர மீட்டருக்கு 20 வாட் பக்கம் தான் எடுக்கும், 40 சதுர மீட்டருக்கு 800 வாட், ஒரு டன் ஏசில கால்வாசி கூட இல்ல. அதுக்குப் பகல் பூரா பம்ப் ஓடணும்.

உங்க சூடு தரைல இருந்து வரல, தலைக்கு மேல இருந்து வருது. உச்சி வெயில்ல தகரம் 60 டிகிரி தொட்டு உங்க முதுகுல கதிர்வீச்சா இறங்குது, முதல் கேள்வில சொன்ன அதே விஷயம் தலைகீழா நடக்குது. குழாய் வாங்க வச்சிருக்குற பணத்துல தகரத்துக்கு மேல வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் ரெண்டு கோட்டு அடிங்க, அடியில ஒரு ஜாண் இடைவெளி விட்டு பளபளப்பு ஃபாயில் உள்ள இன்சுலேஷன் ஷீட் கட்டுங்க, பளபளப்பு பக்கம் இடைவெளியப் பாத்து இருக்கணும், முகட்டுல சூடு காத்து வெளிய போக வழி விடுங்க. பழைய ஓட்டு வீட்டுல எல்லாம் முகட்டுக்கு நெருக்கமா காத்து போற துவாரம் விட்டுருப்பாங்க, உங்க பக்கத்துல பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய் அந்த மர அழியடைப்பையும் தாழ்வா இறங்குற ஓட்டுக் கூரையையும் ஒரு தடவை நிதானமா பாருங்க, மத்தியானத்துலயும் உள்ள எப்படி இருக்குன்னு தெரியும். புதுத் தளம் போடுறீங்கல்ல, அதுல குழாய் வேண்டாம், ஆனா அடியில பாலிதீன் ஷீட் கண்டிப்பா போடணும். ஏன்னு அடுத்த பதில்ல.

கேள்வி: கடல் பக்கத்துல வீடு, பின்னாடி சின்ன வெல்டிங், மோட்டார் ரிப்பேர் பட்டறை வச்சிருக்கேன். மழைக் காலத்துல தரை கருத்து ஈரமாவே கெடக்கு, ஸ்பேனர் எல்லாம் துரு. தரைக்கு லேசா ஹீட்டிங் குடுத்தா காயுமா?
— குளச்சல்

பதில்: காயும், ஆனா அடியில இருந்து வர்ற ஈரம் நிக்காது, வந்துகிட்டே இருக்கும், நீங்க மாசாமாசம் கரண்ட் பில் கட்டி நிலத்தக் காய வைக்கிற மாதிரி ஆகிடும். முதல்ல ஈரம் மேல இருந்து வருதா கீழ இருந்து வருதான்னு பிரிக்கணும். ஒன்றரை அடி சதுரத்துல தெளிவான பிளாஸ்டிக் ஷீட் எடுத்து தரைல வச்சு நாலு பக்கமும் காத்து போகாம டேப் ஒட்டி 16 மணி நேரம், அதாவது சாயங்காலம் ஒட்டுனா மறுநாள் காலை வரைக்கும் விடுங்க. ஷீட்டுக்கு அடியில தண்ணி கோர்த்திருந்தா, இல்ல அந்த இடம் மட்டும் கருத்திருந்தா ஈரம் மண்ணுல இருந்து ஏறுது. ஷீட்டுக்கு மேல நனைஞ்சு அடி காஞ்சிருந்தா காத்துல உள்ள ஈரம் குளிர்ந்த தரைல படியுது, அதுக்குக் காத்தோட்டம் தான் மருந்து.

நம்ம பக்கம் ஆனி ஆடில ஒரு மழை, ஐப்பசி கார்த்திகைல இன்னொரு மழைன்னு ரெண்டு பருவமும் கிடைக்குறதால மண்ணு காயுற இடைவெளியே கம்மி. தளம் போடுறப்போ அடியில பாறைப்பொடியும் செம்மண்ணும் போட்டு நிரப்புறது வழக்கம், அந்தப் பொடி தண்ணிய திரி மாதிரி மேல இழுக்கும். பொடி இல்லாத 40 மில்லிமீட்டர் சல்லி நாலு இஞ்ச் போட்டா தண்ணிக்கு ஏற வழி இல்ல, அது மேல 250 மைக்ரான் பாலிதீன் ஷீட், ஒண்ணு மேல ஒண்ணு ஒரு அடி ஏறுற மாதிரி விரிச்சு டேப் ஒட்டி, சுவர் ஓரத்துல மேல மடக்கி விடணும். கொத்தனார் கம்பி கட்டும்போது ஷீட் கிழியாம ஒரு ஆள் நின்னு பாக்கணும். இதுக்கு ஆகுற செலவு மொத்தத் தளச் செலவுல சின்னப் பங்கு, ஆனா விட்டா திரும்ப வராது. உங்க தரை ஏற்கெனவே போட்டதுங்கிறதால, வெளிய மழைத்தண்ணி சுவர் ஓரம் தேங்காம வடிகால் வெட்டுங்க, தரை மேல ஈரம் தாங்குற எபாக்ஸி பூச்சு ரெண்டு கோட்டு போடுங்க, சாதா எபாக்ஸி அடிச்சா கொப்புளிச்சு உரிஞ்சிடும், கடைல கேட்டு வாங்கணும்.

ஸ்பேனர் துருக்குத் தரைய மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. கடல் காத்துல வர்ற உப்பு இரும்பு மேல படிஞ்சு காத்துல இருக்குற ஈரத்த தானா இழுக்கும், தரை காஞ்சிருந்தாலும் துருப்பிடிக்கும். வேலை முடிஞ்சதும் துணில துடைச்சு லேசா எண்ணெய் தடவி மூடி உள்ள பெட்டில வைங்க.

கேள்வி: நான் கொத்தனார். ஊட்டில ஒரு வீட்டுல தளத்துக்குள்ள குழாய் பதிச்சு கான்கிரீட் போடுற வேலை வந்துருக்கு. குழாய் ஆளுங்க பதிச்சுத் தருவாங்க, ஊத்துறது நாங்க. இந்த மாதிரி இதுவரை செஞ்சதில்ல, குழாய் பொத்துப் போச்சுன்னா எங்க மேல வரும்னு பயமா இருக்கு.
— திங்கள்சந்தை

பதில்: பயம் நல்லது அண்ணே, அது இருந்தா பாத்து செய்வீங்க. வேலைய ஏத்துக்குறதுக்கு முன்னாடி குழாய் ஆள்கிட்ட ஒண்ணு கறாரா கேளுங்க, குழாய்ல அழுத்தம் ஏத்தி, கேஜ் மாட்டி, ஒரு நாள் முழுக்க வச்சு முள் இறங்கலன்னு காட்டணும், நீங்களும் வீட்டுக்காரரும் பாத்து ஃபோட்டோ எடுத்துக்கணும். அந்த அழுத்தத்த விடாம அப்படியே வச்சுத் தான் கான்கிரீட் ஊத்தணும், குழாய் ஆள் ஒருத்தர் கேஜ் பக்கத்துலயே நிக்கணும்னு பேசிக்கோங்க. ஊட்டில டிசம்பர், ஜனவரி ராத்திரில உறைபனி விழும், தண்ணி நிரப்பி சோதிச்சா உறையாம பாக்கணும், அதனால காத்து அழுத்தத்துல சோதிக்கிறதே அங்க நல்லது.

குழாய் மேல கைவண்டி உருட்ட வேண்டாம், பலகை பாதை போட்டு அது மேல நடங்க. கம்பி கட்டுற கட்டுக்கம்பி முனைய கீழ மடக்கி விடுங்க, நிமிர்ந்து நின்னா குழாயக் குத்தும். மண்வெட்டில இழுக்குறப்போ அடி வரைக்கும் குத்தாதீங்க, வைப்ரேட்டர் ஊசி குழாயத் தொடக்கூடாது. தளத்துல ஜாயின்ட் வர்ற இடத்த குழாய் குறுக்க கடந்தா அங்க குழாய் மேல பெரிய உறைக் குழாய் மாட்டிருக்காங்களான்னு பாருங்க, இல்லன்னா தளம் விரிஞ்சு சுருங்கும்போது அறுத்துடும். தெர்மோஸ்டாட் சென்சாருக்கு ஒரு வெறும் குழாய், முனை அடைச்சது, தரைக்குள்ள வச்சிருக்காங்களான்னும் கேளுங்க, மறந்துட்டா அப்புறம் தரைய உடைக்கணும்.

நனைப்பு முடிஞ்சதும் தரை காயட்டும்னு அவசரப்பட்டு வெந்நீர் ஓட்ட விடாதீங்க, 28 நாள் ஆகட்டும். அப்புறமும் முதல் மூணு நாள் 20ல இருந்து 25 டிகிரி தண்ணி தான், அதுக்கு அப்புறம் முழு அளவுக்கு ஏத்தி நாலு நாள் வைக்கணும், எடுத்த எடுப்புல ஏத்துனா வெடிப்பு விட்டு கொத்தன் வேலை சரியில்லன்னு பேரு உங்களுக்கு வரும், அதனால இதையும் எழுதி வாங்கிக்கோங்க.

ஊத்துறப்போ நடுவுல கேஜ் முள் இறங்குச்சுன்னா கூச்சப்படாம வேலைய நிறுத்துங்க. ஈரக் கான்கிரீட்ல குழாய் பொத்த இடத்துல குமிழி வரும், அந்த இடத்த மட்டும் தோண்டி, குழாய் ஆள் அதுக்குன்னு உள்ள கப்ளிங் போட்டு, கான்கிரீட் தொடாம சுத்தி, திரும்ப அழுத்தம் ஏத்தி முள் நின்னப்புறம் அடுத்த லோடு இறக்குங்க. அந்த இடம் எதுன்னு சுவர்ல இருந்து ரெண்டு பக்கமும் அளந்து வீட்டுக்காரர்கிட்ட எழுதிக் குடுத்துட்டு வாங்க.